கொல்லைப்புறக் காப்பி

பழைய ஓட்டல்களைப் பற்றி ஏங்கி ஏங்கி எழுதுகிறார்கள். பளிங்குக்கல் மேசை, பித்தளை டபரா, டிகிரி காப்பி வாசம். இருக்கட்டும். அந்த மேசையில் யார் யார் உட்கார முடிந்தது என்பதையும் எழுதினால்தானே வரலாறு?

பிராமணாளுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் 1941இல்தான் இது ஒழிந்தது. வெளியே பல ஓட்டல்களில் நம்மாளுங்களுக்கு ரெண்டு பக்கமும் இடமில்லை. 1950இல் வந்த அரசியல் சட்டம், 15ஆம் பிரிவில் கடை, உணவகம், ஓட்டல் என்று பேர் சொல்லியே இந்தத் தடையை நீக்கியது. பேர் சொல்ல வேண்டிய நிலைமை! அதுக்கப்புறமும் 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பேர் போச்சு. ஊர் டீக்கடைகளில் நமக்கு வச்ச தனிக் கிளாஸ் போகலை.

எங்க தாத்தா டவுன்ல ஒரு ஓட்டலுக்கு விறகு பிளந்து போட்டவர். காப்பி உண்டு, கொல்லைப்புறத்தில், கொட்டாங்குச்சியில், தூக்கி ஊத்துவாங்க. பின்னாளில் அப்பா அவரை அதே ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மேசையில் உட்கார வைத்தார். காப்பியைக் குடிச்சு முடிச்ச தாத்தா, டபராவைத் தூக்கிக்கிட்டு, கழுவி வைக்கக் குழாய் எங்கேன்னு தேடினாராம்.