கோடாலி எறிதல்: ஒரு குடும்ப விளையாட்டின் பூர்வீகம்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கே போகலாம்? சினிமா, மால், பவுலிங் என்று போகிற பட்டியலில், கனடாவிலும் அமெரிக்காவிலும் இப்போது கோடாலி எறிதலும் சேர்ந்துவிட்டது. ஆமாம், நிஜக் கோடாலிதான். காசு கட்டினால் கையில் ஒன்றைக் கொடுத்து, சுமார் 12 அடி தள்ளி இருக்கிற பலகையில் எறியச் சொல்கிறார்கள். அப்பா, அம்மா, காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் எறியலாம். பல இடங்களில் பெற்றோர் கூட இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டு.

இந்த இடங்களின் விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒன்று, தாடி வைத்த வைக்கிங் வீரன் நிற்பான். இல்லாவிட்டால் 'டொமஹாக்' என்ற பெயர் இருக்கும். ஏதோ ஆயிரம் வருஷத்துப் போர்க்கலையை நாம் தொடர்வது மாதிரி ஒரு தோரணை. இதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

முதலில் வைக்கிங். கோடாலி அவர்களுடைய ஆயுதம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது முக்கியமாகக் கையில் பிடித்து வெட்டுவதற்கான ஆயுதம். பெரிய கோடாலியை இரண்டு கையாலும் வீசுவார்கள். அதை எறிந்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை, பாருங்கள். அந்தக் கொம்பு வைத்த தலைக்கவசமும் அவர்களுடையது அல்ல. 1876-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பெராவுக்குத் தயாரித்த உடைகள் மூலம் பிரபலமான கற்பனை அது.

அப்படியானால் போரில் கோடாலியை நிஜமாகவே எறிந்தவர்கள் யார்? வைக்கிங் காலத்துக்கு முன்பே வாழ்ந்த ஃபிராங்க் மக்கள். பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதை விவரித்திருக்கிறார். ஃபிராங்க் வீரர்கள் சைகை கிடைத்ததும் முதல் பாய்ச்சலிலேயே கோடாலிகளை எறிவார்களாம். எதிரியின் கேடயம் உடையும், ஆளும் விழுவான். அந்தக் கோடாலிக்கு 'ஃபிரான்சிஸ்கா' என்று பெயர். 1653-இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் ஃபிராங்க் அரசன் சில்டெரிக்கின் கல்லறை தற்செயலாகக் கிடைத்தது. அவனோடு புதைத்திருந்த பொருட்களில் ஓர் எறிகோடாலியும் இருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எறிந்த கோடாலி அம்பு மாதிரி நேராகப் போகாது, சுழன்றுகொண்டே போகும். இலக்கைத் தொடும்போது கூர்முனை முன்னால் இருந்தால்தான் பதியும். காம்பு முன்னால் இருந்தால் 'டொக்'கென்று மோதிக் கீழே விழும். அதாவது தூரம் சரியாக இருக்க வேண்டும். இன்றைய 12 அடிக் கணக்கும் இதேதான்: ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. பதியவில்லை என்றால் பலத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. அரை அடி முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதனால்தான் பலசாலி மாமா திணறுகிற இடத்தில் சின்னப் பெண் சுலபமாகப் பதித்துவிடுகிறாள்.

பலகை அசையாமல் நிற்கும். ஓடி வருகிற எதிரி நிற்பானா? அதோடு ஒரு தடவை எறிந்தால் கையில் ஆயுதம் இல்லை. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் ஃபிரான்சிஸ்கா மெல்ல மறைந்துபோனது.

அடுத்து டொமஹாக். இது வர்ஜீனியா பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகளின் அல்கோன்கிய மொழிச் சொல். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள். நமக்குப் படங்களில் பழக்கமான அந்த இரும்புத் தலை ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுவந்து விற்ற சரக்கு. அதற்கு முன்னால் இருந்தது கல் கோடாலி. 18-ஆம் நூற்றாண்டில் இன்னொரு வகையும் வந்தது: ஒரு பக்கம் வெட்டும் முனை, மறுபக்கம் புகையிலை வைக்கும் கிண்ணம், காம்பே புகைக்குழாய். உடன்படிக்கை பேசும்போது இதைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரே பொருளில் போரும் சமாதானமும்!

சமாதானம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். சண்டையை மறப்பதை ஆங்கிலத்தில் 'கோடாலியைப் புதைப்பது' என்பார்கள். இது வெறும் சொல்லலங்காரம் இல்லை. ஹோடெனோசோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் மரபில், சண்டையிட்டுக்கொண்டிருந்த ஐந்து இனங்கள் ஒன்றுசேர்ந்தபோது, ஒரு வெண்பைன் மரத்தின் அடியில் ஆயுதங்களைப் புதைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இன்றைய விளம்பரப் பலகையில் டொமஹாக் மட்டும் மிச்சம். அந்த மரத்தைக் காணோம்.

அப்படியென்றால் இந்த விளையாட்டின் நிஜமான பூர்வீகம் எது? மரம் வெட்டுகிற கூலிக்காரர்கள்தான். வட அமெரிக்கக் காடுகளின் மரவெட்டிகள் தங்கள் தொழில் திறமையையே போட்டியாக மாற்றினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஹேவர்டு என்ற ஊரில் 1960 முதல் நடக்கும் மரவெட்டிகள் உலகப் போட்டியில், இருமுனைக் கோடாலியை 20 அடி தூரத்திலிருந்து எறிகிற பிரிவும் உண்டு. நகரத்து விளையாட்டாக இது உருவானது நம்ம ஆட்கள் நிறைய வாழ்கிற டொராண்டோவில். 2006-இல் மேட் வில்சன் என்பவர் தன் வீட்டுக் கொல்லையில் நண்பர்களோடு தொடங்கிய ஆட்டம், பிறகு உள்ளரங்குக்குப் போய், லீக்குகளாக வளர்ந்து, எல்லை தாண்டிப் பரவியது.

வைக்கிங் பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்கும், மரவெட்டி பெயரைச் சொன்னால் விற்காது. அவ்வளவுதான் விஷயம். போர்வீரனை மூதாதையாகக் காட்டிக்கொள்வதில் எல்லா ஊருக்கும் ஓர் ஆசை. ஆனால் போர்க்களம் கைவிட்ட ஒரு வித்தையை விளையாட்டாக நம் கையில் கொடுத்தது காட்டில் வேலை பார்த்த உழைப்பாளி.

போகிறவர்கள் விரல்களை மூடுகிற ஷூ போட்டுக்கொண்டு போங்கள், பதியாத கோடாலி திரும்பி வரும். பக்கத்தில் எறிகிறவர் முடிக்கும்வரை உங்கள் கோடாலியை எடுக்கப் போகாதீர்கள். உங்கள் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில், அந்த வெண்பைன் மரத்தின் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.