ரிப்பேரா, புதுசா? நம் ஊர்க் கார்களின் பழைய கதை

செங்கம் சாலைப் பக்கம் காலை நடைக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. செலவு பண்ணி வைத்துக்கொள்வதா, தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பதா?” நம் அப்பாக்களுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை.

அவர்கள் சிக்கனக்காரர்கள் என்பது பாதிதான் உண்மை. வெளிநாட்டுப் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்றால் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. அதன்பின் பல வருஷங்களுக்குக் கார் என்றால் மூன்றே கம்பெனிகள்: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட். பணம் கட்டினாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கிற வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். ரீபோர், டிங்கரிங், கிடைக்காத புஷ்ஷுக்கு லேத் பட்டறை என்று வண்டி திரும்பத் திரும்பப் பிழைத்தது.

வண்டிகளும் அதற்கு இடம் கொடுத்தன. 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து முழுசாகத் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். (இன்றைய பானெட்டுக்குள் கை நுழைந்தாலே அதிர்ஷ்டம்.)

ஆனால் ஹெரால்ட் நமக்குச் சொல்வது வேறு. அந்தக் கம்பெனி எண்பதுகளில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. ரோவர் காரின் உடம்பு, உள்ளே அரதப்பழைய எஞ்சின். விற்கவில்லை. சில வருஷங்களில் தொழிற்சாலையே மூடப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹெரால்டுகளுக்கும் பாகம் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டமாயிற்று. ஐம்பதுகளின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடரோ 2014 மே மாதம் வரை ஏறக்குறைய அதே உருவத்தில் தயாரானது. டாக்சிக்காரர்களை நம்பி ஊருக்கு ஊர் ஸ்பேர் கடைகள் இருந்தன. ஆசிரமத்துக்கு வருபவர்களைச் சென்னையிலிருந்து ஏற்றிவந்த அம்பாசடர்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆக, வண்டியின் ஆயுளை வயது தீர்மானிக்கவில்லை, ஸ்பேர் கடை தீர்மானித்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மாற்றுவது என்ற யோசனை நடுத்தரக் குடும்பத்துக்கு மெல்ல அப்போதுதான் பழக ஆரம்பித்தது.

இப்போது கணக்கில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷம், பிறகு ஆர்.டி.ஓ. சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். வயதை மட்டும் பார்த்து ஓரங்கட்டும் தடை இங்கே இல்லை.

நம் பகுதிக் கார்களுக்கு இன்னொரு விசேஷம்: ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பௌர்ணமி வந்தால் வெளியே எடுக்கவும் முடியாது. நிற்கிற வண்டியில் பேட்டரியும் டயரும் ரப்பர் குழாய்களும்தான் முதலில் போகும்; அவற்றை மாற்றிக்கொள்ளலாம். அடித்தட்டில் துரு ஓட்டை போட்டிருந்தால் மட்டும் நான் செலவு செய்ய மாட்டேன். கட்டணம் கட்டுவதற்கு முன் வண்டியை ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு இன்னும் பாகம் வருகிறதா என்று அதே மெக்கானிக்கிடமே கேட்டுவிடலாம்.