பச்சை வர்ணத்துக்கு அடியில்

மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் சுவரோடு பதித்த அலமாரி ஒன்று உண்டு. ஊறுகாய் ஜாடிகளுக்கும் பருப்பு டப்பாக்களுக்கும் அதுதான் வாசஸ்தலம். பச்சை எனாமலுக்கு மேல் பச்சை எனாமலாகப் பூசிப் பூசி, அதன் கதவுகள் மரத்தால் ஆனவை என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

“கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்ப்பா” என்றான் என் பிள்ளை. அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றிற்று. ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உளி முனையால் கீலுக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

“சாமி, இது பர்மாத் தேக்கு. எறிஞ்சா பாவம்” என்றார்.

பர்மாத் தேக்கு! அந்தச் சொல்லுக்குள் ஒரு ராஜ்யமே அடங்கிக் கிடக்கிறது. பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டிவிட மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்த பிறகு வெட்டி, யானையை விட்டு ஓடைக்கு இழுத்து, தெப்பங்களாகக் கட்டி ஐராவதி நதியில் விட்டால், பல மாதம் கழித்து ரங்கூன் மரவாடிகளுக்கு வந்து சேரும். அங்கிருந்துதான் கப்பல்.

இந்த மரத்துக்காக ஒரு யுத்தமும் நடந்தது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி, கணக்கில் காட்டாமல் தேக்கு வெட்டியதாகச் சொல்லி பர்மிய அரசவை பெருந்தொகை அபராதம் விதித்தது. பிரிட்டிஷாருக்கு அது நல்ல சாக்கு. 1885 நவம்பரில் படை புறப்பட்டது. மாதம் முடிவதற்குள் மாந்தளை வீழ்ந்தது. சிறைப்பட்ட தீபா மன்னரைக் குடும்பத்தோடு எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? நம்முடைய சென்னைக்குத்தான்! சில மாதம் இங்கே வைத்திருந்து, 1886-இல் ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1916-இல் அவர் காலமானார். தேக்கால் நாடிழந்த மனிதரை, தேக்குக் கதவுகளுக்குப் பெருமைப்பட்ட ஊரில் கொண்டுவந்து இறக்கியதை விதியின் விளையாட்டு என்பதா, வியாபாரத்தின் விளையாட்டு என்பதா?

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. தமிழர்கள் உள்படப் பல லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள்; கப்பல் கிடைக்காதவர்கள் மலைகளைக் கால்நடையாகவே கடந்தார்கள். தேக்கு வரத்தும் நின்றது. அதற்கு முன்பே வந்து எங்கள் சுவரில் ஏறிவிட்ட சரக்கு இது.

இத்தனை பெருமை உள்ள மரத்துக்கு எனாமல் பூசியது யார் என்று கேட்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க எனாமல்தான் சௌகரியம் என்பது அந்நாள் நியாயம்.

ஆசாரி மறுநாள் வர்ணத்தைக் கருக்கி எடுக்கும் புளோ லாம்ப்போடு வந்தார். நான் தடுத்துவிட்டேன். அந்தக் காலத்துப் பச்சை வர்ணம் பெரும்பாலும் குரோம் மஞ்சளில் நீலத்தைக் கலந்து செய்தது. குரோம் மஞ்சளில் இருப்பது ஈயம். அதன் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று நம் சர்க்கார் விதி செய்ததே 2016-இல். அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். ஆகவே பேத்தியைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் போட்டு, மூக்கைக் கவசத்தால் மூடிக்கொண்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்தோம். உதிர்ந்த சேற்றை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டினோம்.

பித்தளைக் கீல்களைப் புளி போட்டுத் துலக்கினாள் என் மனைவி. மெருகுக்கு அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசலாம் என்றார் ஆசாரி. பளபளப்பு அருமையாக வரும். ஆனால் ஈரமும் சூடும் பட்டால் வெள்ளை பூத்துவிடும். கூடத்துக்கு அது சரி, சமையலறைக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று தடவை ஊட்டினோம். புதிய கதவுக்குச் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

ஒரு கதவின் உட்புறத்தில் ஆணியால் கீறிய கோடுகள் தெரிந்தன. பாட்டியின் பால் கணக்கு. “அங்கே தேய்க்காதீங்க!” என்று கத்தினான், கழற்றி எறியச் சொன்ன அதே பிள்ளை. எண்ணிப் பார்த்தோம். பதினேழு கோடுகள், கடைசி மூன்றை அடிக்கவில்லை. பால்காரிக்கு இன்னும் மூன்று ஆழாக்கு பாக்கி போலிருக்கிறது.