கேள்வி கேளாதவர்கள்

ஒரு மகானுடைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யார்? பெரும்பாலும் அவரிடம் கேள்வி கேட்டவர்கள்தாம். திருவண்ணாமலை ரமண மகரிஷியின் விஷயத்தில் இது நன்றாகத் தெரிகிறது. 1935 முதல் 1939 வரையில் அவர் சந்நிதியில் நடந்த சம்பாஷணைகளை முனகால வெங்கடராமையா என்ற அன்பர் குறித்து வைத்தார். அந்தப் பெரிய புத்தகத்தைப் புரட்டினால், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வெளிநாட்டாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, "மனம் என்பது எது? முக்தி என்பது எது?" என்று விசாரிக்கிறார்கள். 1934-ல் பால் பிரண்டனின் புத்தகம் வெளியான பிறகு சீமையிலிருந்து வந்தவர்களின் தொகை பெருகியது. 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்து போனார். 1944-ல் வெளியான அவருடைய நாவல் ஒன்றில் அந்த ஆசிரமத்தின் சாயல் படிந்திருக்கிறது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவனைக் காட்டிலும், தூணோரம் நின்று ஒன்றும் பேசாமல் போகிறவன்தான் என் கண்ணில் முதலில் படுவான். அந்தப் புத்தகங்களைப் படிக்கும்போதும் எனக்கு அப்படித்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கிராமத்து ஜனங்கள் வருகிறார்கள். விழுந்து கும்பிடுகிறார்கள், சற்றே உட்காருகிறார்கள், எழுந்து போகிறார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன குறை என்று எழுதி வைப்பாரில்லை. ஆனால் அந்த ஆசிரமத்தின் கதையில் அவர்கள்தாம் முந்தி வந்தவர்கள்.

கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை வருவது நம் கிராமத்தாருக்குப் பரம்பரை வழக்கம். தீபத்தைக் கண்டு, சுமார் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருவார்கள். 1896 செப்டம்பர் 1-ந் தேதி மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், சில வருஷங்களில் மலைமேல் விரூபாக்ஷ குகையில் வாசம் செய்யலானான். அண்ணாமலையானைச் சேவிக்க வந்த ஜனங்கள், அப்படியே இந்தப் பேசாத சாமியாரையும் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஒரு சிறு வழக்கு முளைத்தது. தீபக் காலத்தில் குகைக்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவது அந்தக் குகைக்கு உரிய மடத்தின் வழக்கம். சாமியாரைப் பார்க்க வருகிற ஏழைகளிடமும் அதை வசூலித்தார்கள். அவர் சண்டை போடவில்லை. குகையை விட்டு எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேயும் வசூல் தொடரவே, கீழே வேறொரு குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னாலே போயிற்று. குகை இருந்தது, வருமானம் இல்லை! கடைசியில் மடத்தார் இறங்கி வந்து, இனிக் கட்டணம் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டு அவரைத் திரும்ப அழைத்தார்கள். கையில் காசில்லாத யாத்திரிகனுக்காக அவர் செய்த ஒத்துழையாமை இது. பிரண்டன் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தி நடந்தது.

போளூர்ப் பக்கத்தில் மண்டகொளத்தூர் என்று ஒரு கிராமம். அவ்வூர் எச்சம்மாள் இருபத்தைந்து வயதுக்குள் கணவரையும் மகனையும் மகளையும் பறிகொடுத்தவர். கோகர்ணம் போய் அங்கே சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார், துக்கம் ஆறவில்லை. ஊர் திரும்பியவரிடம், திருவண்ணாமலையில் ஓர் இளம் சாமியார் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். 1906-ஆம் வருஷ வாக்கில் அவர் மலை ஏறினார். சுமார் ஒரு மணி நேரம் எதிரே நின்றார். அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மனச் சுமை இறங்கியது என்று அந்த அம்மாளே பின்னால் சொல்லியிருக்கிறார். அன்று தொடங்கி 1945-ல் தாம் இறக்கும் வரையில், நாள்தோறும் சாதம் சமைத்து அவருக்குக் கொண்டுபோய் இட்டார். சிந்தித்துப் பாருங்கள்: ஏறக்குறைய நாற்பது வருஷம்!

இப்படியே இன்னும் இருவர். மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த ஒரு கிழவிக்குக் கீரைப்பாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. காரைக்கால் பக்கத்திலிருந்து வந்த முதலியார் பாட்டியும் தினந்தோறும் சோறு கொண்டுவந்தவர். முதுமையில் அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. "பகவானைப் பார்க்க முடியாதே, பின் ஏன் வருகிறாய்?" என்ற பேச்சு எழுந்தபோது, தம்மால் பார்க்க முடியாவிட்டாலும் அவருடைய பார்வை தம்மேல் படுமே, அது போதும் என்று சொன்னாராம். நாம் தரிசனம் என்ற சொல்லுக்குப் பார்ப்பது என்று பொருள் கொள்கிறோம். பார்க்கப்படுவதும் தரிசனந்தான் என்று அந்தப் பாட்டி அறிந்திருந்தார்.

கிராமத்தார் எல்லாரையும் ஞானிகளாக்கிவிடுவது என் எண்ணமன்று. பிள்ளைக்குச் சுகமில்லை, மழை இல்லை என்ற கவலையைச் சுமந்து வந்தவர்களும் உண்டு. கிரிவலப் பாதையில் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஆசிரமமும் ஊர் உலகத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்துவிடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே தடுப்பு இருந்தது. இரு பக்கத்தாருக்கும் தெரியும்படி மகரிஷி உட்காருவார். எல்லோருக்கும் பரிமாறியதுதான் தமக்கும் வேண்டும், ஒரு கரண்டி அதிகம் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். என்றாலும் தடுப்பு தடுப்புத்தான். அதை மறைத்து எழுதுவதில் அவருக்குப் பெருமை இல்லை.

ஆனால் ஒன்று. மௌனமே தலையாய உபதேசம் என்பது அவர் கொள்கை. பேச்சால் புரியாதவர்களுக்கு அது, புரிந்தவர்களுக்கு இது என்று நாம் கிராமத்தாரைக் கீழ்ப்படியில் நிறுத்துகிறோம். அவர் வைத்த வரிசை நேர்மாறு. பேசாமல் பெற்றுக்கொள்ள முடியாதவர்களுக்காகத்தான் அவர் வாய் திறந்தார். புத்தகங்களை நிரப்பியவர்கள் அவர்கள். எச்சம்மாள் நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிவு எழுதியிருந்தால் வெறும் தாள்தான் மிஞ்சியிருக்கும்.

1950-ல் புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோதும், ஜனங்களின் தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. அந்தச் சிறிய அறைக்கு முன்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு அவர் உயிர் அடங்கியது. அந்தக் கடைசி வரிசையில் போனவர்கள் எவரும் நின்று கேள்வி கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஒரு கணம் உள்ளே பார்த்தார்கள், கையைக் கூப்பினார்கள், பின்னால் வருகிறவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.