சொல்பேச்சு கேட்காத இசையமைப்பாளர்

சென்ற வாரம் மாக்ஸ் ஸ்டெய்னரைப் பார்த்தோம். 1933-இல் 'கிங் காங்' படத்துக்குப் பின்னணி இசை எழுதி, ஹாலிவுட்டுக்கே இலக்கணம் வகுத்தவர். அந்த இலக்கணத்தை மீறிக்கொண்டே இருந்தவர் இந்த வார நாயகர் பெர்னார்ட் ஹெர்மன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக் குளியலறைக் கொலையில் வயலின்கள் கிறீச்சிடுமே, அது இவர் எழுதியது. அந்தச் சத்தத்தின் வேர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருக்கிறது என்பது என் கட்சி.

1911-இல் நியூயார்க்கில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹெர்மன். 1934-இல் சிபிஎஸ் வானொலியில் சேர்ந்தார். வானொலி நாடகத்தில் காட்சி மாறிவிட்டது என்பதைக் காதுக்கு மட்டும்தான் சொல்ல முடியும். அதற்கு இசைக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் ஒரு மெட்டைத் தொடங்கி முடிக்க நேரம் ஏது? இரண்டு மூன்று சுரங்கள், அவற்றை எந்த வாத்தியம் வாசிக்கிறது என்ற தேர்வு, அவ்வளவுதான் கையிருப்பு. ஹெர்மன் ஆயுள் முழுக்க எழுதிய இசையின் சூத்திரம் இங்கேதான் உருவானது. 1938 அக்டோபர் 30 அன்று, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் இறங்கிவிட்டதாக ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பி, கேட்டவர்களில் சிலரைக் கலவரப்படுத்திய நாடகத்தில் இசைக்குழுவை நடத்தியவரும் இவரே.

அந்த வெல்ஸ்தான் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துப் போனார். முதல் படமே 'சிட்டிசன் கேன்' (1941). கணவனும் மனைவியும் காலையுணவு மேசையில் வருடத்துக்கு வருடம் விலகிப் போவதை ஒரே காட்சித் தொடரில் காட்டுவார் வெல்ஸ். கொஞ்சலான வால்ட்ஸ் ஒன்றில் ஆரம்பிக்கும் இசை, ஒவ்வொரு துண்டிலும் உருமாறி, கடைசியில் இருவரும் பேசாமல் நாளிதழ் படிக்கும்போது உறைந்துபோயிருக்கும். அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். மறு ஆண்டு, வெல்ஸின் 'தி மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தை ஸ்டூடியோ வெட்டியபோது இவர் இசையும் வெட்டுப்பட்டது. உடனே தன் பெயரையே டைட்டிலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். ஆள் அப்படி.

ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் மெட்டைக் குறித்துக் கொடுப்பார். எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று பிரித்து எழுத வேறொருவர் இருப்பார். ஹெர்மன் அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. அவருக்கு வாத்தியத் தேர்வுதான் இசையே. 1951-இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு, கை படாமலே காற்றில் அசைத்து வாசிக்கும் தெரமின் என்ற மின்கருவிகள் இரண்டைக் கொண்டுவந்தார்.

1950-களின் கடைசியில் தொலைக்காட்சிக்கு வந்தார். பணம் குறைவு, வாத்தியக்காரர்கள் குறைவு, நேரமும் குறைவு. பலர் இதைத் தண்டனையாக நினைத்த காலம். வானொலியில் வளர்ந்தவருக்கோ இது சொந்த வீடு. 1959-இல் தொடங்கிய 'தி ட்விலைட் ஸோன்' தொடரின் முதல் முகப்பு இசை ஹெர்மனுடையது. உலகம் இன்று முணுமுணுக்கும் முகப்பு இசை இரண்டாம் ஆண்டில் வந்தது. அது மாரியஸ் கான்ஸ்டன்ட் எழுதியது. ஆனால் அந்தத் தொடரில் ஹெர்மன் இசையமைத்த 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்ற அத்தியாயத்தைக் கேட்டுப் பாருங்கள். நடுவயதுக்காரர் ஒருவர் தான் சிறுவனாக இருந்த ஊருக்குள், அந்தப் பழைய நாட்களுக்குள்ளேயே நடந்து போய்விடுகிறார். வயலின் குடும்பமும் ஒரு ஹார்ப்பும்தான் இசைக்குழு. அரை மணி நேரத் தொலைக்காட்சி நாடகத்துக்கு இவ்வளவு ஏக்கத்தை வேறு யாரும் தந்து நான் கேட்டதில்லை.

மறு ஆண்டு 'சைக்கோ'. ஹிட்ச்காக் அதைத் தன் தொலைக்காட்சித் தொடரின் ஆட்களை வைத்து, கறுப்பு வெள்ளையில், சிக்கனமாக எடுத்தார். முதல் தொகுப்பைப் பார்த்துச் சோர்ந்துபோய், வெட்டிச் சுருக்கித் தொலைக்காட்சியிலேயே போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார் என்று ஹெர்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஹெர்மன் மீண்டும் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஸ்ட்ரிங்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டார். ஊதுகுழல் இல்லை, தாளக்கருவி இல்லை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்பது இயக்குநரின் கட்டளை. ஹெர்மன் எழுதிவிட்டுத்தான் போட்டுக் காட்டினார். கேட்டதும் ஹிட்ச்காக் தன் கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆறு வருடம் கழித்து 'டார்ன் கர்ட்டன்'. படத்தில் விற்கக்கூடிய பாட்டு ஒன்று வேண்டும் என்று யுனிவர்சல் ஸ்டூடியோ நெருக்கியது. ஹிட்ச்காக்கும் துள்ளலான நவீன இசை கேட்டார். ஹெர்மன் 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் என்று ஒரு படையைத் திரட்டினார், வயலினைத் தொடவேயில்லை. இங்கும் ஒரு கொலைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்று உத்தரவு. இங்கும் எழுதினார். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து கேட்ட ஹிட்ச்காக், வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 1960-இல் எந்தப் பிடிவாதம் அவர் படத்தைக் காப்பாற்றியதோ, அதே பிடிவாதம் 1966-இல் பொறுக்கவில்லை. 'சைக்கோ'வுக்கு முன்பே தொடங்கியிருந்த பதினோரு வருட உறவு அன்றோடு முடிந்தது. இதில் நியாயம் ஹெர்மன் பக்கம் என்றே நான் நினைக்கிறேன். கைவிடப்பட்ட அந்த இசை பின்னாளில் இசைத்தட்டாக வந்தது. கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பிறகு லண்டனில் குடியேறினார். பாரிஸிலிருந்து இயக்குநர் த்ரூஃபோ அழைத்தார். ஹிட்ச்காக்கைப் பார்த்துச் சினிமா கற்ற இளைஞர் பிரையன் டி பால்மா அழைத்தார். கடைசியாக மார்ட்டின் ஸ்கார்செஸி, 'டாக்சி டிரைவர்' படத்துக்கு. அதில் தனியாக அலையும் சாக்ஸபோன் ஒன்று. படம் முடியும் இடத்தில் 'சைக்கோ'விலிருந்து மூன்றே மூன்று சுரங்களை எடுத்து வைத்தார். 1975 டிசம்பர் 23 அன்று ஒலிப்பதிவை முடித்துவிட்டு ஓட்டலுக்குப் போனவர், அன்றிரவு தூக்கத்திலேயே இறந்தார். வயது 64. படத்தை அவருக்கே காணிக்கையாக்கினார் ஸ்கார்செஸி.

அந்தப் படமும், டி பால்மாவின் 'அப்செஷன்' படமும் அடுத்த ஆஸ்கரில் இசைக்காகப் பரிந்துரைக்கப்பட்டன. விருது 'தி ஓமன்' படத்துக்காக ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்குப் போனது. அவரும் சிபிஎஸ்ஸில் தொழில் பழகியவர். 'தி ட்விலைட் ஸோன்' தொடருக்கு இசையமைத்தவர். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.