'மெர்லோ'ன்னு நினைச்சு குடிச்சாங்க... சிலியின் மலிவு விலை ரெட் ஒயின் 'கார்மெனேர்' கதை தெரியுமா? வீட்டுச் சாப்பாட்டோடு ருசி பார்ப்பது எப்படி?

தென் அமெரிக்க நாடான சிலியில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலும், சில ஆயிரம் பெசோவுக்கு ஒரு பாட்டில் ரெட் ஒயின் கிடைக்கும். அந்த ஊர் கணக்கில் அது பெரிய காசு இல்லை. லேபிளில் 'கார்மெனேர்' என்று எழுதியிருக்கும். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சோளம், இறைச்சி, பீன்ஸோடு இந்த பாட்டிலும் சாதாரணமாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் 1994-க்கு முன்னாடி இதே ஒயினைக் குடிச்சவங்களுக்கு, அது கார்மெனேர் என்றே தெரியாது. அதை விற்றவர்களுக்கும் தெரியாது!

அழிஞ்சு போச்சுன்னு நினைச்ச திராட்சை

கார்மெனேர் திராட்சையின் சொந்த ஊர் பிரான்ஸின் போர்டோ பகுதி. 1860-களில் வட அமெரிக்காவில் இருந்து வந்த பிலாக்ஸெரா என்ற குட்டிப் பூச்சி, ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை வேரோடு சாய்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினால் பூச்சியைச் சமாளிக்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அப்படி மறுபடியும் நட்டபோது கார்மெனேரை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. காரணம், அதில் பூ உதிர்வது அதிகம். ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் கைவிட்டுவிடும். கொஞ்ச காலத்தில், அப்படி ஒரு ரகமே இல்லை என்ற நிலைமைக்கு வந்துவிட்டது.

நல்ல வேளையாக, பூச்சி பரவுவதற்கு முன்பே, 19-ம் நூற்றாண்டின் நடுவில், சிலியின் பணக்கார நிலச்சுவான்தார்கள் போர்டோவில் இருந்து கொடித் துண்டுகளை வாங்கி வந்து நட்டிருந்தார்கள். அதில் மெர்லோவும் இருந்தது, கார்மெனேரும் இருந்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: மெர்லோ.

1994 நவம்பர் 24 அன்று, பிரான்ஸின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த திராட்சை ரக ஆய்வாளர் ழான்-மிஷேல் புர்சிக்கோ, சிலியின் மைப்போ பள்ளத்தாக்கில் உள்ள கார்மென் ஒயினரியின் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். 'மெர்லோ' பூக்களின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டு நின்றதைக் கவனித்தவர், இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று சொல்லிவிட்டார். மரபணு சோதனையும் பிறகு அதையே உறுதி செய்தது. 1998-ல் சிலி அரசு இதைத் தனி ரகமாக அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.

பேர் மாறினதால் என்ன லாபம்?

இங்கேதான் விஷயமே இருக்கு. மெர்லோவை விட கார்மெனேர் பழுக்க பல வாரங்கள் கூடுதலாக ஆகும். இரண்டும் ஒன்று என்று நினைத்து விவசாயிகள் ஒரே நேரத்தில் அறுவடை செய்ததால், பாதிப் பழம் பழுத்தும் பாதி காயாகவும் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக அடிக்கும்.

அந்த வாசனைக்குக் காரணம் பைரசின் என்ற வேதிப்பொருள். குடைமிளகாயிலும் இதே வகைதான் இருக்கிறது. பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட, அதன் அளவு குறையும். ரகம் இதுதான் என்று தெரிந்த பிறகு, ஏப்ரல் கடைசி, மே வரை கூட கொடியிலேயே விட்டுப் பறிக்க ஆரம்பித்தார்கள். தெற்கு அரைக்கோளத்தில் அது இலையுதிர் காலம். குடைமிளகாய் நெடி பின்னால் போய், கருப்பு பிளம், மிளகு, கோகோ வாசனை முன்னால் வந்தது. ஒரு பெயர்த் திருத்தம் ஒயினின் ருசியையே மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

விலை ஏன் குறைவு?

கிழக்கே ஆண்டிஸ் மலை, வடக்கே அட்டகாமா பாலைவனம், மேற்கே பசிபிக் பெருங்கடல். இந்த வேலியைத் தாண்டி பிலாக்ஸெரா சிலியைத் தாக்கவே இல்லை. அதனால் பெரும்பாலான கொடிகளுக்கு ஒட்டுக்கட்டும் செலவு இல்லை. கோடையில் மழை அபூர்வம் என்பதால் பூஞ்சை நோயும் குறைவு, மருந்தடிக்கும் செலவும் குறைவு.

கூட என்ன சாப்பிடுகிறார்கள்?

சிலியர்களின் வீட்டுச் சமையலில் கோடைக்காலத்து ஸ்டார், 'பாஸ்தெல் தே சோக்லோ'. வெங்காயம், சீரகம் போட்டு வதக்கிய மாட்டிறைச்சிக் கொத்து அடியில். அதன் மேல் கோழித் துண்டு, அவித்த முட்டை, ஆலிவ், உலர் திராட்சை. எல்லாவற்றையும் மூடி, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பேசில் இலை சேர்த்து அரைத்த பச்சைச் சோள விழுது. பொமாய்ரே கிராமத்து மண்சட்டியில் வைத்து அவனில் சுடுவார்கள். மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, பொன்னிறமாகும் வரை விடுவதும் உண்டு.

சைவம் வேண்டும் என்றால் 'பொரோத்தோஸ் கிரனாதோஸ்': பச்சை பீன்ஸ் விதை, பரங்கிக்காய், சோளம் சேர்த்த கூட்டு மாதிரியான ஒன்று. பேசில் இலையின் பச்சை வாசனையும் கார்மெனேரின் லேசான மூலிகை வாசனையும் ஒத்துப்போவதால், இந்த இரண்டு சாப்பாட்டுக்கும் இந்த ஒயின் செட் ஆகிறது.

சரி, ருசி பார்ப்பது எப்படி?

முதலில் சூடு. 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்' என்பது குளிர் நாட்டு வீடுகளுக்கான கணக்கு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் சரி. வெக்கையான நாளில் பாட்டிலை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலே போதும். சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, லேசாகச் சுழற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். கிளாஸின் உள்பக்கம் கோடு கோடாக வழிவதைப் பார்த்து 'உசத்தி ஒயின்' என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை, ஆல்கஹால் இருப்பதால் நடப்பது அது.

சாப்பிடுவதற்கு முன் ஒரு வாய் குடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். பாக்கு மென்றது போல, கடுக்காயைக் கடித்தது போல வரும் அதே துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாய் குடித்தால் அந்தப் பிடி தளரும். டிகாஷன் டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு குறைகிறதே, அதே லாஜிக்தான். கார்மெனேரில் டானின் இயல்பாகவே கொஞ்சம் மென்மை, புளிப்பும் குறைவு. முதல்முறை ருசி பார்ப்பவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இரண்டு இடத்தில் உஷாராக இருக்கணும். சாப்பாட்டில் இனிப்பு ஏறினால் ஒயின் புளித்துக் கசக்கும். சோள விழுது மேல் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் ஒயின் தோற்றுவிடும். காரம் இன்னொன்று. 'மெர்கேன்' எனப்படும் மாபுச்சே மக்களின் புகைமணம் கொண்ட மிளகாய்ப் பொடி ஒரு சிட்டிகை என்றால் ஜோர்; அதிகமானால் ஆல்கஹால் காரத்தை இன்னும் தூண்டிவிடும், வாய் எரியும்.

ஒரு கிளாஸ் என்றால் எவ்வளவு?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். 13.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் என்றால், ஒரு கிளாஸிலேயே சுமார் 16 கிராம் சுத்த ஆல்கஹால். 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சை நம்பி குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: மது அருந்துவதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மது புற்றுநோயை உண்டாக்கும் என்று 1988-லேயே வகைப்படுத்தப்பட்டதும் ஒயினைச் சேர்த்துதான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டும் விஷயத்தில் சிலி 2012-ல் சட்டத்தைக் கடுமையாக்கியது. ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.5 கிராமில் இருந்து 0.3 கிராமாகக் குறைந்தது. இந்தியாவின் '100 மில்லிக்கு 30 மில்லிகிராம்' வரம்பும் அதே அளவுதான்.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

சிலி சட்டப்படி, ஒரு ரகத்தின் பெயரைப் போட அந்தத் திராட்சை 75 சதவீதம் இருந்தால் போதும். மீதி வேறு ரகமாக இருக்கலாம். 'ரிசர்வா' என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினில் ரெட் ஒயினுக்கு ரிசர்வா என்று போட, 3 வருஷம் பழக்கியிருக்க வேண்டும். சிலியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதைவிட ஊர் பெயர் உதவும்: கோல்சாகுவா, காச்சபோவால் பள்ளத்தாக்கின் பெயூமோ பகுதி ஆகியவை கார்மெனேருக்குப் பேர் போனவை.

மிச்சம் இருந்தால் மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். அதற்குப் பிறகு புளிப்பேறிவிட்டால், மாட்டிறைச்சி வேகும் சட்டியில் ஊற்றிவிடலாம்.