சுருட்டுக்கு மார்க் போடறது யாரு? உறையூர் டு நிகரகுவா

ஷிஃப்ட் பஸ்ல ஒரகடம் போய்க்கிட்டே கேக்கறவங்க, ஸ்ரீபெரும்புதூர் டோல்ல மாட்டிக்கிட்டு கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு லிசனர் ஒருத்தர் அனுப்பின கேள்வியில ஆரம்பிக்கலாம். அவரோட பிளான்ட்டுக்கு ஆடிட் வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு நிகரகுவா சிகாரைக் காட்டி, "இது 93 பாயின்ட் வாங்கினது"ன்னு சொன்னாராம். "சுருட்டுக்குக்கூடவா மார்க் போடுவாங்க ப்ரோ?"ன்னு கேட்டிருக்காரு.

போடறாங்க. ஆனா அந்த மார்க்குக்கு முன்னாடியே நம்ம ஊர் சுருட்டு உலகப் புகழ்ல இருந்துச்சு. முதல்ல அந்தக் கதை.

இங்கிலீஷ்ல 'செரூட்'னு ஒரு சொல் இருக்கு. ரெண்டு முனையும் வெட்டின, நேரான சுருட்டுக்கு அந்தப் பேர். அது நம்ம 'சுருட்டு'தான். புகையிலைச் செடி அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து போர்ச்சுகீசியர் மூலமா இந்தியா வந்துச்சு. பதிலுக்கு 17ஆம் நூற்றாண்டுலயே நம்ம சொல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிடுச்சு.

19ஆம் நூற்றாண்டுல திண்டுக்கல் பக்கம் விளைஞ்ச இலை திருச்சி உறையூர்ல சுருட்டாகி, 'டிரிச்சினோபொலி'ங்கற பேர்ல லண்டன் வரைக்கும் போச்சு. 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. கொலை நடந்த ரூம்ல கிடந்த சாம்பலை மட்டும் பாத்துட்டு, கொலைகாரன் பிடிச்சது டிரிச்சினோபொலின்னு ஹோம்ஸ் சொல்லிடறாரு. கருப்பான, செதில் செதிலான சாம்பல். டிரிச்சினோபொலின்னா என்னன்னு கானன் டாயில் ஒரு வரி விளக்கம்கூட கொடுக்கல. வாசகர்களுக்கே தெரிஞ்சிருந்த பேர் அது.

இப்போ மார்க் மேட்டருக்கு வருவோம். ஒரு சிகார்ல மூணு அடுக்கு இருக்கு: வெளியே சுத்தற மேல் இலை, அதுக்குள்ள கட்டு இலை, நடுவுல உள் இலை. செடியோட உச்சியில வெயில் வாங்கின இலை காரமா இருக்கும், மெதுவா எரியும். அடி இலை மென்மையா இருக்கும், நல்லா எரியும். இலைகளைக் குவியலா அடுக்கிப் புளிக்க வைக்கும்போது உள்ளுக்குள்ள சூடேறி, அம்மோனியா வெளியேறும். அதுக்கப்புறம் வருஷக்கணக்குல ஊற வைப்பாங்க.

டேஸ்ட் பண்றவர் புகையை உள்ளே இழுக்க மாட்டார், வாயிலேயே வெச்சு விட்டுடுவார். பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை இழுத்துக் காத்து சரியா வருதான்னு பாப்பார். அப்புறம் சிகாரை மூணு பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்குலயும் சுவை எப்படி மாறுது, நெருப்பு ஒரே சீரா எரியுதா, சாம்பல் உதிராம நிக்குதான்னு குறிச்சுக்குவார். 1992ல ஆரம்பிச்ச 'சிகார் அஃபிஷியனாடோ' பத்திரிகை 100 பாயின்ட் முறையைப் பரப்புச்சு. எந்த கம்பெனின்னு தெரியக் கூடாதுங்கறதுக்காக லேபிளைக் கழட்டிட்டுத்தான் கொடுப்பாங்க.

நம்ம காரிடார்ல குவாலிட்டில இருக்கறவங்களுக்கு 'கேஜ் ஆர் அண்ட் ஆர்' தெரியும். 10 பார்ட், 3 ஆபரேட்டர், திரும்பத் திரும்ப அளக்கணும். அளவுல வர்ற வித்தியாசம் 30 சதவீதம் தாண்டினா அந்த அளவையே நம்ப முடியாது. "தோல் வாசம், கோகோ, மிளகு"ன்னு எழுதற நாக்குக்கு இந்த டெஸ்ட் வெச்சா என்ன ஆகும்? காத்து இழுவையை மெஷின் வெச்சு அளக்கலாம், அளக்கவும் செய்யறாங்க. 93க்கும் 91க்கும் நடுவுல இருக்கற அந்த 2 பாயின்ட்டை அளக்க மெஷின் கிடையாது. ஆனா விலையை ஏத்தறது அந்த 2 பாயின்ட்தான்.

நிகரகுவா இந்த இடத்துக்கு எப்படி வந்துச்சு? 1959 கியூபா புரட்சிக்கு அப்புறம் நாட்டை விட்டுப் போன புகையிலைக்காரங்க எஸ்தெலி, ஹலாபா பள்ளத்தாக்குகள்ல கியூபா விதையைப் போட்டாங்க. 1962ல கியூபா மேல அமெரிக்கா தடை போட்டதும் சந்தை காலியா கிடந்துச்சு. மயாமியில 1964ல ஆரம்பிச்ச பத்ரோன் கம்பெனி 1970ல எஸ்தெலிக்கு வந்துச்சு. 1978ல உள்நாட்டுச் சண்டையில அவங்க ஃபாக்டரி எரிஞ்சுபோச்சு. 1985ல நிகரகுவா மேலயே அமெரிக்கத் தடை வந்து, 1990ல தான் விலகுச்சு. இதையெல்லாம் தாண்டி, இன்னிக்கு அமெரிக்கா வாங்கற பிரீமியம் சிகார்ல நிகரகுவாதான் முன்னணி.

நம்மகிட்ட என்ன இல்லாம போச்சு? இலை இருந்துச்சு, சுருட்டற கை இருந்துச்சு. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, 1948ல, வேடசந்தூர்ல சுருட்டுப் புகையிலைக்கு ஆராய்ச்சி நிலையமும் வந்துச்சு. ஆனா டிரிச்சினோபொலிங்கற பேரைத் தூக்கிப் பிடிச்சது பிரிட்டிஷ் சந்தை. அந்தச் சந்தை போனப்போ பேரும் மங்கிடுச்சு. உள்ளூர்ல பீடியும் சிகரெட்டும் இடத்தைப் பிடிச்சாச்சு. உறையூர்ல இன்னிக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள்தான் மிச்சம். எஸ்தெலிக்காரங்க எந்தப் பள்ளத்தாக்கு இலை, எத்தனை வருஷம் ஊறினதுன்னு தங்க கதையைத் தாங்களே சொன்னாங்க.

ஒண்ணு மட்டும் அந்த மார்க் ஷீட்ல வராது. புகையை உள்ளே இழுக்கலைன்னாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வர்ற ஆபத்து இருக்கு. ஈரமான புகையிலை இலையைத் தொட்டு வேலை செய்யற விவசாயத் தொழிலாளிக்குத் தோல் வழியாவே நிகோடின் ஏறி வாந்தி, தலைசுத்தல் வரும். 93 பாயின்ட்ல அவங்களுக்கு ஒரு காலம் கிடையாது.

அதனால, கேள்வி கேட்ட நண்பரே, அந்த சிகாரை நீங்க பத்த வைக்கணும்னு அவசியமே இல்ல. ஆடிட்டர் அடுத்த தடவை வந்தா, 'செரூட்' எந்த ஊர் வார்த்தைன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்!